உரிமை கோராத ஒளி

நுழையும்முன்

புதிதாக ஒரு கருவியைக் கண்டுபிடித்தவருக்கு அதன்மீது உரிமை உண்டு. அவ்வுரிமையைப் பதிவு செய்யச் சட்டமும் அலுவலகமும் உள்ளன. உரிமையால் பொருளும் புகழும் வந்து சேர்கின்றன. இவை யாவும் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தபோது வேண்டாமென விலக்கிய அறிவியலாளர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். மின்னலைகளை ஆராய்வதற்கு உலகம் அதுவரை கண்டிராத கருவிகளைத் தம் கையால் படைத்த அவர், அவற்றை உலகுக்கே விட்டுச் சென்றார். அவருடைய முடிவு சரியானதா என்னும் வினா இன்றளவும் ஓயவில்லை.

மூவர் அமர்ந்த வகுப்பறை

ஜகதீஷ் சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்று வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ், பரீத்பூரில் துணை நடுவராகப் பணியாற்றியவர். பிரம்ம சமாஜத்தின் சீர்திருத்தக் கொள்கைகளில் ஊன்றி நின்றவர். அரசுப் பணியில் இருந்தோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதைப் பெருமையாகக் கருதிய காலம் அது. பகவான் சந்திரரோ தம் மகனை வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தார். ஆங்கிலத்தைக் கற்கும் முன்னர்த் தாய்மொழியையும் தம் மக்களையும் மகன் அறிய வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்பள்ளியில் சிறுவன் ஜகதீஷின் ஒருபுறம் தந்தையிடம் ஏவலராக இருந்த இசுலாமியரின் மகனும் மறுபுறம் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருந்தனர். பறவைகளைப் பற்றியும் விலங்குகளைப் பற்றியும் ஆற்றில் வாழும் உயிர்களைப் பற்றியும் அவர்கள் சொன்ன செய்திகளே தமக்கு இயற்கையின்மீது ஆர்வத்தை ஊட்டின என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அச்சிறுவனைப் பள்ளிக்குத் தோளில் சுமந்து சென்றவர் ஒரு பழைய கொள்ளையர். நடுவராக இருந்து அவரைச் சிறைக்கு அனுப்பியவர் பகவான் சந்திரரே. தண்டனை முடிந்து வெளியே வந்தவர், தமக்கு எவரும் வேலை தர மாட்டார்கள் என்று அவரிடமே முறையிட்டார். தம் மகனைப் பாதுகாக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார் நடுவர்! வழிநெடுகத் தம் பழைய போராட்டக் கதைகளை அவர் சொல்ல, சிறுவன் கேட்டுக்கொண்டே பள்ளிக்குச் சென்றான்.

பகவான் சந்திரர் மக்களின் நலம் கருதித் தொழில்களிலும் இறங்கினார். தேயிலைத் தோட்டத்திலும் நெசவு நிறுவனத்திலும் இட்ட பணம் மீளவில்லை. கடன் மலைபோல் வளர்ந்தது. இக்கடனை நினைவில் வைத்துக்கொண்டே போஸின் பிற்கால முடிவுகளை நாம் நோக்குதல் வேண்டும். அவர் பணத்தின் அருமை அறியாதவர் அல்லர்.

கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் லஃபோன் அடிகளார் என்னும் பெல்ஜிய நாட்டுப் பேராசிரியர், செய்முறைகளோடு இயற்பியலைக் கற்பித்துவந்தார். அவர் வகுப்பில் பயின்ற போஸ், 1880இல் மருத்துவம் கற்க இலண்டன் சென்றார். முன்னரே அவரைப் பற்றியிருந்த காய்ச்சல், உடற்கூற்று அறையின் சூழலால் மேலும் கடுமையாயிற்று. மருத்துவப் படிப்பைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்றார். அங்கு ரேலே பிரபு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 1884இல் பட்டம் பெற்று நாடு திரும்பினார்.

மூன்றாண்டுக் காலம்

1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகப் போஸ் அமர்த்தப்பட்டார். கல்வித்துறையின் உயர்பணியில் இந்தியர் ஒருவரை அமர்த்த அதிகாரிகள் விரும்பவில்லை. அறிவியலைத் துல்லியமாகக் கற்பிக்கும் திறன் இந்தியருக்கு இல்லை என்னும் கருத்து அவர்களிடையே ஊறிப்போயிருந்தது. அரசப் பிரதிநிதி ரிப்பன் பிரபுவின் பரிந்துரைக்குப் பின்னரே அப்பணி கிடைத்தது. ஊதியத்திலும் வேறுபாடு இருந்தது. ஐரோப்பியப் பேராசிரியர் பெறுவதில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு வழங்கப்பட்டது. போஸின் பணி தற்காலிகமானது எனக் கூறி அதிலும் பாதியே அவருக்கு ஒதுக்கப்பட்டது.

போஸ் பணியைத் துறக்கவில்லை, கிளர்ச்சியும் செய்யவில்லை. நாள்தோறும் கல்லூரிக்குச் சென்றார். பாடம் நடத்தினார். மாதம் முடிந்ததும் வந்த ஊதியத்தை வாங்க மறுத்தார். இவ்வாறு ஒரு மாதம், ஓராண்டு என்றில்லாமல் மூன்றாண்டுகள் கழிந்தன.

அம்மூன்றாண்டுகளின் இடையே, 1887இல் அவருக்குத் திருமணம் நடந்தது. துணைவியார் அபலா, சமூகச் சீர்திருத்தவாதியான துர்கா மோகன் தாஸின் மகள். கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க மறுத்தமையால், 1882இல் வங்க அரசின் உதவித்தொகை பெற்றுச் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர் அவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலாமல் திரும்பினார். ஊதியமில்லாப் பேராசிரியரின் இல்லறத்தை அவர் ஏற்றுக்கொண்டார். நகரில் வீடு எடுக்க வசதியின்றி ஹூக்ளி ஆற்றின் கரையிலிருந்த சந்திரநாகூரில் இருவரும் குடியேறினர். காலையில் படகில் ஆற்றைக் கடந்து போஸ் தொடர்வண்டியைப் பிடிப்பார். படகைத் தனியே செலுத்திக்கொண்டு அபலா கரை திரும்புவார். மாலையில் மீண்டும் படகோடு சென்று கணவரை அழைத்துவருவார். போஸின் உறுதியைப் பாராட்டும் நூல்கள் பலவும் அத்துடுப்பைப் பிடித்த கைகளை மறந்துவிடுகின்றன. பின்னாளில் பெண்கல்விக்கென நாரி சிக்ஷா சமிதியை 1919இல் நிறுவிச் சிற்றூர்தோறும் பள்ளிகள் தோன்ற வழிவகுத்தவரும் இவரே.

இறுதியில் அரசு இறங்கிவந்தது. போஸின் பணி நிலையானதாக்கப்பட்டதோடு, மூன்றாண்டுகளுக்கும் முழு ஊதியம் ஒரே தொகையாக வழங்கப்பட்டது. அத்தொகை தந்தையின் கடனை அடைக்கச் சென்றது.

மேசைமேல் அடங்கிய மின்னலைகள்

ஒளியும் ஒருவகை மின்காந்த அலையே என்பதை ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கணிதத்தால் நிறுவியிருந்தார். கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகளை 1888இல் செருமானிய அறிஞர் ஹென்ரிக் ஹெர்ட்ஸ் ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டினார். அவற்றின் அலைநீளம் பெரிது. அவ்வலை வளைந்து செல்வதைக் காட்ட அவர் நிலக்கீலால் செய்த முப்பட்டகம் அரை டன்னுக்கு மேற்பட்ட எடை கொண்டது. கண்ணாடிப் பட்டகத்தைக் கையில் பிடித்து ஒளியை ஆராய்வதுபோல இவ்வலைகளை ஆராய்வது எளிதாக இல்லை.

இவ்விடத்தில்தான் போஸின் கூர்மை வெளிப்பட்டது. அலை பெரிதாக இருப்பதால்தானே கருவியும் பெரிதாக வேண்டியுள்ளது? அலையைச் சிறிதாக்கினால் கருவியும் சிறிதாகும் அன்றோ? 1894இல், தம் முப்பத்தாறாம் வயதில், அவர் இவ்வாய்வில் இறங்கினார். கல்லூரியில் அவருக்கென ஆய்வகம் இல்லை. 24 சதுர அடி மட்டுமே கொண்ட ஓர் அறை கிடைத்தது. ஆய்வு செய்யப் பணிநேரத்தில் ஒதுக்கீடும் இல்லை. பாடவேளைகள் முடிந்தபின் எஞ்சிய பொழுதே ஆய்வுப்பொழுதாயிற்று. முறையான பயிற்சி எதுவும் பெறாத தகர வேலைக்காரர் ஒருவரைப் பழக்கி அவரைக்கொண்டு கருவிகளைச் செய்வித்தார். சிறு உலோகக் கோளங்களிடையே மின்பொறியைத் தோற்றுவித்து, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிய அலைகளைப் பெற்றார். ஹெர்ட்ஸ் பெருங்கூடத்தில் செய்தவற்றைப் போஸால் மேசையின்மீது செய்ய முடிந்தது.

அலைகளைத் திரட்டுவதற்கு அவர் அமைத்த உலோகக் கூம்பு, இன்று நுண்ணலைத் துறையில் கொம்பு அலைவாங்கி என வழங்கும் கருவியின் முன்னோடி. கந்தகத்தால் வில்லைகளும் முப்பட்டகங்களும் செய்தார். ஒளியலைகளைப் போலவே மின்னலைகளும் ஒரு குறிப்பிட்ட தளத்தில் மட்டும் அதிரும்படி வடிகட்டப்படுமா என்பதை அறிய அவர் பயன்படுத்திய பொருள்கள் வியப்பூட்டுபவை. தடித்த தொடர்வண்டிக் கால அட்டவணை நூல் ஒன்றை எடுத்து, அதன் பக்கங்களுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகினார். அந்நூல் ஒரு தளத்தில் அதிரும் அலையைத் தடுத்து, அதற்குச் செங்குத்தான தளத்தில் அதிரும் அலையைச் செல்லவிட்டது! முறுக்கிய சணல் இழைகளின் ஊடே அலையைச் செலுத்தி, அலையின் தளம் திரும்புவதையும் கண்டார். சில கரைசல்களின் மூலக்கூறுகள் ஒளியின் தளத்தைத் திருப்புவது எவ்வாறு என்பதற்கு வங்கத்தில் எளிதில் கிடைக்கும் சணலே மாதிரியாக அமைந்தது. கருவி இல்லையே என்று அவர் காத்திருந்திருப்பின் இவற்றுள் ஒன்றும் நிகழ்ந்திராது.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் மக்கள்முன் ஒரு செய்முறையை நிகழ்த்தினார். துணைநிலை ஆளுநர் அவைக்கு வந்திருந்தார். ஓரிடத்தில் எழுந்த மின்னலை, இடையில் அமர்ந்திருந்த ஆளுநரையும் சுவர்களையும் கடந்து சென்று, தொலைவில் மணியை ஒலிக்கச் செய்தது, வெடிமருந்தையும் பற்றவைத்தது. இரண்டுக்கும் இடையே கம்பி ஏதும் இல்லை.

மறு ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. 1896இல் லிவர்பூலில் கூடிய பிரித்தானிய அறிவியல் கழகத்தில் அவர் தம் கருவியை இயக்கிக் காட்டினார். முதுபெரும் அறிஞரான கெல்வின் பிரபு, கால் ஊனத்தையும் பொருட்படுத்தாது மகளிர் அமர்ந்திருந்த மாடத்துக்குப் படியேறிச் சென்று அபலாவின் கைகளைப் பற்றிப் பாராட்டினார். 1897 சனவரியில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனின் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுக்கு அழைப்பு வந்தது. மைக்கேல் ஃபாரடே பேசிய மேடை அது.

காப்புரிமை என்னும் வாயில்

அலையை உண்டாக்குவதினும் அதனை உணர்வது கடினம். அக்காலத்தில் உலோகத் துகள்களை நிரப்பிய கண்ணாடிக் குழாயே உணர்கருவியாக இருந்தது. மின்னலை பட்டதும் துகள்கள் ஒட்டிக்கொண்டு மின்னோட்டத்தைச் செல்லவிடும். அடுத்த குறியை உணர வேண்டுமெனில் குழாயைத் தட்டித் துகள்களைப் பிரித்தாக வேண்டும். இத்தொல்லையை நீக்கும் வழிகளைப் போஸ் தேடினார். இரும்பும் பாதரசமும் தொட்டு நிற்கும்படி அமைத்துத் தொலைபேசியின் ஒலிவாங்கும் பகுதியோடு இணைத்த உணர்கருவியைப் பற்றிய கட்டுரை 1899இல் இலண்டன் ராயல் கழகத்தின் வழி வெளிவந்தது. அவர் அங்கு நிற்கவில்லை. கலினா என்னும் காரீயத் தாதுப் படிகத்தின்மீது உலோக முனை ஒன்றைத் தொடவைத்தால் அதுவே மின்னலையை உணர்ந்து காட்டுவதைக் கண்டார். குறைக்கடத்தி என்னும் சொல் பரவாத காலத்திலேயே குறைக்கடத்தியைக் கருவியாக்கியவர் அவர்.

1901 மே மாதம் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மீண்டும் உரையாற்றச் சென்றிருந்தபோது, தந்தி நிறுவனம் ஒன்றின் உரிமையாளர் அவரைத் தேடி வந்தார். உரையில் எல்லாவற்றையும் வெளியிட்டுவிட வேண்டாம் என்றும், காப்புரிமைக்குத் தாமே முதலிட்டு இலாபத்தில் பங்கு தருவதாகவும் வேண்டினார். போஸ் மறுத்தார். மறுத்ததோடு தம் நண்பர் இரவீந்திரநாத் தாகூருக்கு மடலும் எழுதினார். பெருஞ்செல்வர் ஒருவர் மேலும் பொருள் வேண்டி இரந்து நின்ற காட்சி அவரை அருவருப்புறச் செய்தது. அப்பொறியில் ஒருமுறை காலை வைத்தால் மீள முடியாது என்னும் அச்சமும் அம்மடலில் வெளிப்படுகிறது. தந்தையின் தொழில் முயற்சிகளுக்கு நேர்ந்ததைக் கண்டவர் அவர். அந்நினைவும் அவ்வச்சத்தில் கலந்திருக்கலாம்.

நண்பர்கள் அமைதி கொள்ளவில்லை. சகோதரி நிவேதிதையும் அமெரிக்கப் பெண்மணி சாரா புல்லும் வற்புறுத்தி, அதே ஆண்டு செப்டம்பரில் கலினா உணர்கருவிக்கு அமெரிக்காவில் விண்ணப்பம் செய்யவைத்தனர். 1904 மார்ச் 29ஆம் நாள் 755840 என்னும் எண்ணில் காப்புரிமை வந்தது. போஸோ அதனைக்கொண்டு ஒரு காசும் ஈட்ட முயலவில்லை. உரிமை காலாவதியாகும்படி விட்டுவிட்டார். பின்வந்த ஆண்டுகளில் படிகத்தையும் மெல்லிய கம்பியையும் கொண்டு இயங்கிய வானொலிப் பெட்டிகள் உலகெங்கும் பல்கின.

இங்கு மார்க்கோனியைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அவர், 1901 டிசம்பரில் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பாலிருந்து வந்த குறியைக் கேட்டதாக அறிவித்தார். அப்போது அவர் கையிலிருந்தது இத்தாலியக் கடற்படையிலிருந்து பெற்ற பாதரச உணர்கருவி. அதன் அடிப்படை, போஸ் 1899இல் வெளியிட்ட வடிவமைப்பே என்பதை 1998இல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரை ஒன்று சான்றுகளோடு எடுத்துக்காட்டியது. 1909ஆம் ஆண்டு நோபல் பரிசு மார்க்கோனிக்கும் ஃபெர்டினாண்ட் பிரவுனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இதனைக் கொண்டு, போஸின் கண்டுபிடிப்பை மார்க்கோனி கவர்ந்துகொண்டார் என்று உரைப்போர் உளர். அது முழு உண்மையாகாது. மார்க்கோனி நாடியது தொலைதூரச் செய்திப் போக்குவரத்து; அதற்கு நீண்ட அலைகளே ஏற்றவை. போஸ் நாடியது அலையின் இயல்பு. அதற்குக் குறுகிய அலைகளே உகந்தவை. கடல் கடந்து செய்தி அனுப்பப் போஸ் முயலவே இல்லை. ஆயினும் அவர் தம் உரிமைகளைப் பதிவு செய்திருப்பின், வானொலியின் வரலாற்றில் அவர் பெயரைத் தேடிக் கண்டெடுக்கும் நிலை நேர்ந்திராது என்பதும் உண்மை. தனக்கென வேண்டாதவருக்கு அது துறவு. அடிமை நாடொன்றின் அறிவியல், உலக ஏடுகளில் இடம்பெறாமல் போனமை அந்நாட்டுக்கு நேர்ந்த இழப்பு. இரண்டையும் சேர்த்தே நாம் எண்ண வேண்டும்.

அவர் கையாண்ட குறுகிய அலைகள் நீண்டகாலம் பயனின்றிக் கிடந்தன. இன்றோ ஊர்திகளில் பொருத்தப்படும் ரேடார்களும் வானொலித் தொலைநோக்கிகளும் ஐந்தாம் தலைமுறை அலைபேசிச் சேவையின் ஒரு பகுதியும் மில்லிமீட்டர் அலைகளையே நாடுகின்றன. 2012இல் பன்னாட்டு மின் மற்றும் மின்னணுப் பொறியாளர் அமைப்பு, போஸின் 1894 - 96 ஆண்டுகளின் சோதனைகளைப் பொறியியல் வரலாற்றின் மைல்கல்லாக அறிவித்தது.

செடிகளை நோக்கி

ஓய்வின்றித் தொடர்ந்து இயங்கும்போது தம் உணர்கருவிகள் சோர்வதையும், சிறிது பொழுது விட்டுவைத்தால் மீண்டும் கூர்மை பெறுவதையும் போஸ் கண்டிருந்தார். உயிரற்ற உலோகம் தசையைப் போலக் களைப்புறுவானேன்? இவ்வினா அவரை இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு இழுத்துச் சென்றது. மின்னலைத் துறையில் உலகம் அவரைப் பின்தொடரத் தொடங்கிய வேளையில் அவர் அத்துறையை விட்டு விலகினார். தொட்டாற்சிணுங்கி போன்ற செடிகளில் மின்துடிப்புகளை அளந்தார். செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியைப் படைத்தார். உடலியங்கியல் அறிஞர்கள் அவரை எளிதில் ஏற்கவில்லை. 1901இல் ராயல் கழகத்தில் அவர் படித்த கட்டுரை, சான்றோர் ஒருவரின் எதிர்ப்பால் வெளியிடப்படாமல் ஆவணப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. அதே கழகம் 1920இல் அவரை உறுப்பினராக ஏற்றது. செடிகளுக்கும் நரம்பமைப்பு உண்டு என்னுமளவுக்கு அவர் சென்ற சில முடிவுகளைப் பிற்கால உயிரியல் ஏற்கவில்லை; செடிகளில் மின்குறிகள் பாய்கின்றன என்னும் அடிப்படை நிலைத்துவிட்டது.

1915இல் பணி ஓய்வு பெற்ற போஸ், தம் சேமிப்போடு பலர் தந்த கொடைகளையும் சேர்த்து, 1917 நவம்பர் 30ஆம் நாள், தம் பிறந்தநாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் திறந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் விஞ்ஞானக் கோயில் என்னும் பொருளுடையது. இந்நிறுவனத்தின் கண்டுபிடிப்புகள் அனைத்தும் பொதுச்சொத்தாகும் என்றும், அவற்றுக்கு ஒருபோதும் காப்புரிமை பெறப்படமாட்டாது என்றும் திறப்புரையில் அறிவித்தார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் இலண்டனில் தனிமனிதராக அளித்த விடையை இப்போது ஒரு நிறுவனத்தின் விதியாக்கினார்.

சத்யேந்திரநாத் போஸ், மேக்நாத் சாகா ஆகியோர் அவரிடம் பயின்ற மாணவர்கள். சிறுவயதில் மீனவரின் மகனோடு பகிர்ந்த தாய்மொழியையும் அவர் மறக்கவில்லை. அறிவியலை எளிய வங்கமொழியில் எழுதினார். 1896இல் புயலொன்றை மையமாகக்கொண்டு அவர் எழுதிய சிறுகதை, வங்கமொழியின் தொடக்ககால அறிவியல் புனைகதைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

முதுமையில் உடல்நலம் நாடி கிரிதி என்னும் ஊருக்குச் சென்று தங்குவது அவர் வழக்கம். 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அங்கேயே அவர் உயிர் நீத்தார். அவருடைய எழுபத்தொன்பதாம் பிறந்தநாளும், ஆய்வு நிறுவனத்தின் இருபதாம் ஆண்டு நிறைவும் வர இன்னும் ஏழு நாள்களே இருந்தன.